அஞ்சு பாஸ், ஆறு பயம்!

அக்கா பையனுக்கு ஆறாம் வகுப்பு அட்மிஷன் கிடைத்த அன்று வீட்டில் பாயசம். பையன் மட்டும் தொடவில்லை.

நியாயம்தான். அஞ்சாவது வரைக்கும் தெருமுனையில் அரசுப் பள்ளி. ஒரே டீச்சர். தமிழும் அவரே, கணக்கும் அவரே, அறுந்த பட்டனுக்குப் பின் குத்துவதும் அவரே. 2022-ல் ஒன்று முதல் அஞ்சு வரைக்கும் என்று ஆரம்பித்த காலை உணவுத் திட்டத்தில் பொங்கலும் அங்கேயே. இனிமேல் டவுன் பஸ், பாடத்துக்கு ஒரு வாத்தியார், மீசை முளைத்த ப்ளஸ் டூ அண்ணன்கள்.

"முதல் நாள் நீ கூடப் போய் டீச்சர்கிட்ட நாலு வார்த்தை சொல்லிட்டு வாடா" என்றாள் அக்கா.

எனக்கு அடிவயிறு கலங்கியது. என் ஆறாம் வகுப்பு முதல் நாளில் அப்பா இதைத்தான் செய்தார். மொத்த கிளாஸுக்கும் முன்னால், "பையன் கொஞ்சம் பயந்தவன் சார், பாத்துக்குங்க!" ப்ளஸ் டூ முடிகிற வரைக்கும் என் பெயர் 'பயந்தவன் சார்'.

நான் பி.காம். படித்தவன். நஷ்டமே வராது என்று எந்த நல்ல கம்பெனியும் கணக்கு எழுதாது. வாராக் கடனுக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும். வந்தால் தாங்கும். பையனுக்கும் சின்னச் சின்ன நஷ்டங்களை மே மாதத்திலேயே பழக்குவது என்று முடிவு செய்தேன்.

ரெண்டு தடவை டவுன் பஸ்ஸில் கூட்டிப் போனேன். மூணாவது தடவை அவன் முன்னால். நான் கடைசி ஸீட்டில், முன்பின் தெரியாதவன் மாதிரி. இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டான். கத்த வாயெடுத்தவன் கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினான். இளநீர்க் கடையில் வழி கேட்டான். திரும்பி நடந்தான். பள்ளிக்கூட கேட்டைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான் பாருங்கள்! அன்று ராத்திரி ரெண்டு தோசை கூடுதலாக உள்ளே போயிற்று.

ஜூனில் ஸ்கூல் திறந்தது. பழைய சிநேகிதன் வேறு ஸ்கூல். மூணு நாளாகத் தனியாகவே சாப்பிட்டிருக்கிறான். கேட்டதும் எனக்குள்ளிருந்து அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

"நான் வந்து டீச்சர்கிட்ட..."

"வேணாம் மாமா. யாராவது அடிச்சா சொல்றேன், வாங்க. இதை நான் பாத்துக்கறேன்."

சட்டையைக் கழற்றிவிட்டேன். அன்று ராத்திரி தூங்காதது நான்தான், அவன் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினான். காலி.

"பக்கத்து பெஞ்ச் பையன் ஊறுகா கேட்டான் மாமா!"

அக்காவிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டேன்: திங்கட்கிழமையிலிருந்து ஊறுகாய் டபுள்!