கலத்தின் பிறப்பு யாது?

பழனி ஐந்தமுதுக்கு (பஞ்சாமிர்தம் என்று சொன்னால்தான் கடைக்காரர்க்கு விளங்குகிறது!) 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி வாழையும் தேனும் நெய்யும் பேரீந்தும் கலந்த அதன் பிறப்பை உலகறியும். அதை அடைத்து விற்கும் ஞெகிழிக் கலத்தின் பிறப்பை அறிவார் யார்?

மறுசுழற்சி ஞெகிழியில் உணவை அடைத்தல் ஆகாதென நடுவணரசின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடுத்தது. 2022இல் தில்லியே அத்தடையைத் தளர்த்தியது. கெட்டிக் கலங்களில் 2025–26 முதல் நூற்றுக்கு 30 பங்கு மறுசுழற்சிப் பொருள் சேரவேண்டுமென இலக்கும் வகுத்தது. தின்னப்போகும் தமிழனை எவரும் கேட்டிலர்.

ஞெகிழி, தான் தாங்கிய பொருளைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்வது. குடிநீர்க் குப்பியோடு பூச்சிக்கொல்லிக் குப்பியும் ஒன்றாய் உருகினால் வெறுங்கழுவல் போதாது. உயர்வெப்பத்தில், வெற்றிடத்தில் நெடுநேரம் வைத்து நச்சகற்றல் வேண்டும். அங்ஙனம் செய்த ஆலையின் கலமும் செய்யாத பட்டறையின் கலமும் கண்ணுக்கு ஒன்றே. நெய்ப்பசையுள்ள உணவோ, கலத்தில் ஒளிந்திருப்பதை எளிதில் ஈர்த்துக்கொள்ளும்.

மேலே கோடைக்கானலில் சிறு ஞெகிழிக் குப்பிக்கு 2024இல் உருபா 20 வரி விதித்தார்கள். மலைக்குக் காட்டிய பரிவு குழந்தையின் வயிற்றுக்கு வேண்டாவோ?

மறுசுழற்சிக் கலமெனில் அதைத் தமிழில், முகப்பிலேயே பொறிக்கத் தமிழக அரசு ஆணையிடுக. அதுவரை, கோயிலில் முன்பே வழங்கிவரும் தகரக் கலமே போதும்.