பெரியப்பாவைக் கேட்டீர்களா?

போன வருடம் பெரியப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தோம். 81 வயது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. கூடவே அவர் மகன், அதாவது என் அண்ணன். ''சாப்பிடறாரா? தூங்கறாரா? ராத்திரியில சத்தம் போடறாரா?'' என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். எல்லாக் கேள்வியும் அண்ணனுக்கு. பதிலும் அண்ணனுடையது. பெரியப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது சும்மா கேட்டேன்... ''எப்படி இருக்கீங்க பெரியப்பா?''

கொஞ்ச நேரம் யோசித்தார். ''பேப்பர்காரன் வர்றதே இல்லடா!'' என்றார்.

அண்ணன் சங்கடமாகச் சிரித்தார். 'இனிமே என்னத்தைப் படிக்கப்போறார்' என்று ஆறு மாதம் முன்பே பேப்பரை நிறுத்திவிட்டாராம்!

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங்கில் ஒரு பாலபாடம் உண்டு. இன்னார் இவ்வளவு பாக்கி என்று கம்பெனி கணக்கில் எழுதியிருந்தால், அந்த ஆளுக்கே கடிதம் போட்டு, 'இந்தத் தொகை சரிதானா?' என்று கேட்க வேண்டும். மேனேஜர் சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. ரூபாய்க்கு இவ்வளவு ஜாக்கிரதை. ஒரு மனுஷன் நன்றாக வாழ்கிறானா என்பதற்கு மட்டும் மேனேஜர் சொன்னால் போதுமா?

கேட்க வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா லாக்ஸ்டன் குழுவினர், இதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியலை 1999-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 13 கேள்விகள். உடம்பு, மனசு, ஞாபகம், குடும்பம், நண்பர்கள், கையில் பணம், பொழுதுபோக்கு... இப்படி. ஒவ்வொன்றுக்கும் மோசம், சுமார், நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்று நாலு பதில்கள். குறைந்தபட்சம் 13 மதிப்பெண், அதிகபட்சம் 52. கால் மணி நேர வேலை. இதையே கவனித்துக்கொள்கிறவரிடமும் தனியாகக் கேட்பார்கள். இரண்டையும் சேர்க்கும்போது நோயாளியின் பதிலுக்கு இரண்டு மடங்கு மதிப்பு!

இதில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒரு விஷயம்... பெரியவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்ளும் மார்க்கைவிடக் கவனிப்பவர்கள் போடும் மார்க் பெரும்பாலும் குறைவு. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவரின் களைப்பும் மனச்சோர்வும் மார்க்கில் இறங்கிவிடுகின்றன. அது அவர் தப்பு இல்லை. அவர் கஷ்டத்தையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால், அது அவருடைய கணக்கு. பெரியவரின் கணக்கில் அதை எழுதலாமா?

''மறதிக்காரர் பேச்சை எப்படி சார் நம்பறது?'' என்பீர்கள். நோய் முற்றியவர்களிடமே பிரிட்டனில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஞாபகப் பரிசோதனையில் 30-க்கு 3 மார்க் வரை இறங்கிப்போனவர்களில்கூடப் பதில் சொன்னவர்கள் உண்டு. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகலாம். இன்றைக்குக் காபி ஆறிப்போயிருக்கிறது என்பது நாக்குக்குத் தெரியும்.

60 வயது தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரைப் பற்றியும் பக்கத்தில் நிற்பவரிடம் மட்டுமே விசாரித்துக்கொண்டிருக்கப் போகிறோமா?

டாக்டர்களே, முதியோர் இல்லம் நடத்துகிறவர்களே... கேஸ் ஷீட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் பெரியவர் சொன்னது, இன்னொன்றில் வீட்டார் சொன்னது. முதல் கட்டத்தை முதலில் நிரப்புங்கள். பேச்சே நின்றுபோனவர் என்றால், முகத்தைப் பார்த்து எழுதுங்கள். அதற்கும் முறைகள் இருக்கின்றன.

அண்ணன் வீட்டில் இப்போது மறுபடி பேப்பர் வருகிறது. பெரியப்பா ஒரே தலைப்பை நாலு தடவை படிக்கிறாராம். படிக்கட்டுமே! நாலு தடவையும் அவருக்கு அது புதுச் செய்திதான்.