சதுக்கம் பற்றி யார் பேசுவது?

யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியுடன் அமைந்த கலாசார மையத்திற்கு 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. எழட்டும், பெயர் முக்கியமானதே. ஆனால் அவ்வாதத்தின் கால்பங்காவது அங்குள்ள பொதுச் சதுக்கம் குறித்து நடந்திருக்கலாம் அல்லவா? 11 மாடிக் கோபுரம், 600 பேருக்கான அரங்கு, அருங்காட்சியகம் என்று அடுக்குவோர் சதுக்கத்தைக் கடைசி வரியில் சொல்லி நகர்ந்துவிடுகின்றனர்.

அயலில் 1981 இல் எரிக்கப்பட்டு மீள எழுந்த பொது நூலகம். அப்பால் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் மாற்றிக் கட்டிய கோட்டை. முற்றவெளியில் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிரிழந்தோரின் நினைவிடம். இவற்றை ஒன்றாகக் கோக்க வேண்டியது நடுவேயுள்ள நிலமே. கோட்டை தொல்லியல் திணைக்களத்திடம். நூலகம் மாநகர சபையிடம். இடைவெளி யாரிடம்?

கோபுரத்தின் உயரம் பற்றி இனிப் பேசிப் பயனில்லை. (நூலகத்தின் வெண்ணிறக் குவிமாடத்திற்கு அது பொருத்தமான அயலவர்தானா என்ற ஐயம் எனக்கு இன்னமும் உண்டு.) நிலமட்டத்தில் செய்யவேண்டியது நிறையவே இருக்கின்றது. நம்மூர் வெய்யிலில் கல் பதித்த வெளி, நண்பகலில் எவரும் கால்வைக்காத வெளியாகிவிடும். ஐரோப்பியச் சதுக்கங்களின் படங்களைப் பார்த்து வரைவோர் இதனை மறந்துவிடுகின்றனர். இங்கே சதுக்கம் என்றால் முதலில் நிழல்: வேம்பு, மருது, அவற்றின் கீழ் இருக்கை.

நூலகத்திலிருந்து வெளிவரும் மாணவி ஒருத்தி நிழலிலேயே நடந்து மையத்தை அடைந்து, அங்கிருந்து அச்சமின்றி வீதியைக் கடந்து கோட்டை வாசலுக்குச் செல்ல முடியவேண்டும். அதற்கான வரைபடம் இருக்குமாயின், மாநகர சபை அதனை மக்கள் முன் வைக்கட்டும்.