தீர்மானத்தைப் படிச்சுட்டுக் கை தூக்குவோம்!

ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவது நமக்குப் பழகிப்போன விஷயம். சின்னம் தெரிந்தால் வேலை முடிஞ்சது. ஆனால் "இது வேணுமா, வேண்டாமா?" என்று ஒரு கேள்வியையே முன்னால் வைத்தால்? அங்கேயும் சின்னத்தைத்தான் தேடுவோமா?

இலங்கையில் 1982 டிசம்பர் 22-ல் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவுக்கு விளக்கு, எதிர்ப்புக்குக் குடம். கேள்வி என்னவோ அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை ஏற்கிறீர்களா என்பதுதான். அதன் நிஜமான அர்த்தம், 1977-ல் தேர்ந்தெடுத்த பாராளுமன்றமே தேர்தல் இல்லாமல் இன்னும் 6 வருஷம் நீடிக்கலாம் என்பது! நாட்டில் அப்போது அவசரகால நிலை வேறு. யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டது. ஆனாலும் விளக்கு 54 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தது. அடுத்த பொதுத்தேர்தலைப் பார்க்க மக்கள் 1989 வரை காத்திருந்தார்கள்.

கோவா கதை வேறு. 1967 ஜனவரி 16-ல் மகாராஷ்டிராவோடு சேரப் பூ, தனியாக இருக்க இரட்டை இலை. (நம்ம ஊர் இரட்டை இலையோடு குழப்பிக்க வேண்டாம், அ.தி.மு.க. பிறந்ததே 1972-ல்தான்!) வாக்கெடுப்பு நியாயமாக நடக்கட்டும் என்று பந்தோட்கர் மந்திரிசபை முன்கூட்டியே விலகியது. சேர்ந்தால் நம்ம மொழி என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று பாட்டாகவும் பத்திரிகையாகவும் ஊர் ஊராகப் பேசினார்கள். 34,021 ஓட்டு வித்தியாசத்தில் இலை ஜெயித்தது.

"நமக்கு ஏதுப்பா இந்த மாதிரி ஓட்டு?" என்கிறீர்களா? இருக்கிறது. அதற்குப் பேர் கிராம சபை! தம்மம்பட்டி பேரூராட்சிதான். ஆனால் நாகியம்பட்டி, உலிபுரம், கூடமலை என்று சுத்துப்பட்டு ஊராட்சிகளிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! 1994-ம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நாமும் சபை உறுப்பினர்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு 6 தடவை கூடுகிறது.

ஆனால் பல இடத்தில் நடப்பது என்ன? போனதும் நோட்டில் கையெழுத்து. அப்புறம் கடகடவென்று தீர்மான வாசிப்பு. "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது!" ரீடிங் எடுக்காமல் ரெக்கார்டு எழுதுகிற கதைதான் இது.

கிராம சபையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒடிசா பதில் சொல்லும். நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. 12 சபைகள் கூடின. 12-ம் "வேண்டாம்" என்றன. சுரங்கம் வரவில்லை. அந்த மலைவாசிகள் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்கள் இல்லை. ஆனால் தங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்வது சுத்தப் பொய். புரிகிற மாதிரி யாரும் சொல்வதில்லை என்பதுதான் நிஜம். எஸ்டிமேட்டும் டிராயிங்கும் படிக்கத் தெரிந்த நாம் அந்த வேலையைச் செய்யலாமே! அடுத்த கூட்டத்துக்குப் போவோம். தீர்மானத்தை நிறுத்தி வாசிக்கச் சொல்வோம். இது நிறைவேறினால் நாளைக்கு என்ன மாறும்? செலவு எவ்வளவு, யார் பணம்? "வேண்டாம்" என்றால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் நம்ம ஆத்தாவுக்கும் அப்பனுக்கும் புரிகிற பேச்சில் கேட்போம்.

பதில் வந்த பிறகு கை தூக்குவோம். அதுவரை பேனா பாக்கெட்டிலேயே இருக்கட்டும்!