வெற்றுக் கோட்டை அழிக்கச் சொல்பவர்களுக்கு

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். மேலே இருக்கும் யாரும் வேண்டாம் என்று நினைக்கிற வாக்காளர், தனக்கு வேண்டியவரின் பெயரை அந்தக் கோட்டில் தன் கையால் எழுதி வாக்களிக்கலாம். ‘ரைட்-இன்’ என்று இதைச் சொல்கிறார்கள். இது வீண் வேலை, விளம்பரப் பிரியர்களின் விளையாட்டு, தேர்தல் அதிகாரிகளுக்குத் தலைவலி, ஆகவே ஒழித்துவிடலாம் என்று வாதாடும் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. ஹவாய், லூசியானா, நெவாடா, ஒக்லஹோமா, தெற்கு டகோடா ஆகிய மாநிலங்களில் அந்தக் கோடு கிடையாது.

கோட்டை ஒழிக்கச் சொல்பவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘பர்டிக் எதிர் டகுஷி’ வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தந்த தீர்ப்பு. 1986இல் ஹொனலூலுவில் ஒரு மாநிலச் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரே ஒருவர்தான் மனுச் செய்திருந்தார். அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவர், வேறொரு பெயரை எழுத எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டு வழக்குத் தொடுத்தார். இல்லை என்றது நீதிமன்றம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் ஒயிட்டின் வாதம் இதுதான்: ஹவாயில் வேட்பாளராவது எளிது, வேறு ஆள் வேண்டுமென்றால் உரிய காலத்தில் முயன்றிருக்க வேண்டும், கடைசி நேரத்தில் விழித்துக்கொள்கிறவர்களுக்கு மட்டுமே இந்தத் தடை சுமை, அதுவும் சிறிய சுமை.

இந்த வாதம் வாக்காளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. மனுத்தாக்கல் முடிந்த நாளோடு அரசியலும் உறைந்துபோகிறது, அதற்குப் பிறகு ஊரில் எதுவும் நடக்காது என்று கற்பனை செய்துகொண்டால்தான் இது நிற்கும். தீர்ப்பு வந்து ஆறே ஆண்டுகளில் டென்னசி மாநிலம் அந்தக் கற்பனையை உடைத்துப் போட்டது.

1998 அக்டோபர் 19 அன்று, மாநில செனட் உறுப்பினர் டாமி பர்க்ஸ் தன் பன்றிப் பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர், அதே தொகுதியில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பைரன் லூப்பர். தேர்தலுக்கு இரண்டே வாரம் இருந்தது. அப்போதிருந்த மாநிலச் சட்டப்படி, இறந்தவரின் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கியாக வேண்டும். வேறு பெயர் அச்சிடவும் முடியாது. அச்சில் மிஞ்சியது கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் மட்டுமே. கொல்லப்பட்டவரின் மனைவி சார்லட் பர்க்ஸ் ரைட்-இன் வேட்பாளராக நின்றார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவர் பெயரைத் தங்கள் கையால் எழுதினார்கள். லூப்பருக்கு விழுந்தது சுமார் 1,500 வாக்கு. சார்லட் பர்க்ஸ் அதற்குப் பிறகும் பலமுறை அந்தத் தொகுதியில் வென்றார். லூப்பருக்கு 2000இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்த முப்பதாயிரம் பேர் எந்த “உரிய காலத்தில்” முயன்றிருக்க வேண்டும்? டென்னசி வாக்குச்சீட்டிலும் ஹவாயைப் போலவே கோடு இல்லாமல் இருந்திருந்தால், லூப்பர் ஒற்றைப் பெயராக நின்று வென்றிருப்பார். ஒயிட்டின் தீர்ப்பை இன்றும் ஒப்பிக்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

இது அபூர்வம் என்பார்கள். கொலை அபூர்வம்தான். ஒற்றைப் பெயர் அபூர்வம் இல்லை. அண்மைக்காலத் தேர்தல்களில் அமெரிக்க மாநிலச் சட்டமன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரு பெரிய கட்சிகளில் ஒன்று ஆளே நிறுத்துவதில்லை. அங்கெல்லாம் நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. அந்தச் சடங்கில் குடிமகனுக்கு மிஞ்சுகிற ஒரே வாய்ப்பு இந்தக் கோடு.

அடுத்த வாதம் பணத்தைப் பற்றியது. 2010இல் அலாஸ்காவில் லிசா மர்கௌஸ்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரைட்-இன் வாக்குகளோடு அமெரிக்க செனட்டுக்குத் திரும்பினார். பதவியும் பணமும் புகழும் உள்ளவருக்கே இது பலிக்கும், வெறுங்கையோடு வருகிறவர் தன் நேரத்தையும் ஊர் நேரத்தையும் கெடுக்கிறார் என்கிறார்கள். வெற்றி ஒன்றையே அளவுகோலாக வைத்தாலும் இது பிழை. 2006இல் பாஸ்டனில், மாநில செனட் உறுப்பினர் டயான் வில்கர்சன் தேவையான 300 கையெழுத்துகளைச் சேர்க்கத் தவறினார். ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் முழுக்க ரைட்-இன் போட்டியாக மாறியது. முன்னாள் ஆசிரியை சோனியா சாங்-டியாஸ் அதில் இறங்கிச் சிறு வித்தியாசத்தில் தோற்றார். 2008இல் அச்சிட்ட பெயராகவே வந்து அதே வில்கர்சனைத் தோற்கடித்தார். முதல் தோல்வி வீணா?

பணமில்லாத ரைட்-இன் பிரச்சாரம் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த ஏளனம் வராது. முதலில், சட்டம் கேட்கும் இடங்களில், ‘நான் நிற்கிறேன்’ என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகு உள்ளங்கை அளவு அட்டைகள். அதில் கொள்கையைவிடப் பெரிய எழுத்தில் பெயரின் எழுத்துக்கூட்டல். அதன் கீழே ஒரு மாதிரிப் படம்: பெயரை இங்கே எழுது, பக்கத்திலுள்ள முட்டைவடிவக் கட்டத்தை மை கொண்டு நிரப்பு. வீடுவீடாகப் போய் ஒவ்வொருவருக்கும் இதை விளக்க வேண்டும். 2004 சான் டியேகோ மேயர் தேர்தலில் ரைட்-இன் வேட்பாளர் டோனா ஃப்ரைக்காக 5,500க்கும் மேற்பட்டவர்கள் பெயரை எழுதியும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டார்கள். அந்த வாக்குகள் எண்ணப்படவில்லை. அவர் தோற்றது சுமார் 2,100 வாக்கில். இவ்வளவு நுணுக்கமாக வாக்காளரோடு முகம் பார்த்துப் பேசியாக வேண்டிய வேட்பாளரை விளம்பரப் பிரியர் என்பது அவதூறு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுதான், அது ஃபுளோரிடா. போட்டியிடுபவர்கள் எல்லாரும் ஒரே கட்சியினர், நவம்பரில் எதிர்ப்பே இல்லை என்றால், அந்த முதற்கட்டத் தேர்தலில் எல்லா வாக்காளர்களும் பங்கெடுக்கலாம் என்று 1998இல் அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டணமோ கையெழுத்தோ இல்லாமல் ரைட்-இன் வேட்பாளராகப் பதிந்துகொள்ள முடிவதால், பிரச்சாரமே செய்யாத ஒருவரைப் பெயருக்கு நிறுத்தி, ‘எதிர்ப்பு இருக்கிறது’ என்று காட்டி, அந்தக் கட்சியில் இல்லாத வாக்காளர்களை முதற்கட்டத் தேர்தலிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். இது மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் இதைச் செய்கிறவர்கள் கட்சிக்காரர்கள். இடம் கொடுப்பது சட்டத்தின் வாசகம். பெயரளவு வேட்பாளரை எதிர்ப்பாகக் கணக்கிடாதே என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. கட்சிகள் செய்த மோசடிக்கு வாக்காளரின் பேனாவைப் பறிப்பது என்ன நியாயம்?

எண்ணுவது சுமை என்பதும் சாக்கு. பல மாநிலங்கள் முன்கூட்டியே பதிந்த பெயர்களை மட்டுமே எண்ணுகின்றன. எழுத்துப்பிழை வந்தால்? மர்கௌஸ்கிக்கு விழுந்த வாக்குகள் பற்றிய வழக்கில் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அதற்கும் வழி சொல்லிவிட்டது: வாக்காளர் யாரை நினைத்தார் என்பது தெளிவானால் அந்த வாக்கு செல்லும்.

வாக்காளர் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் கட்சிகளும் மனுத்தாக்கல் தேதியும் முடிவு செய்துவிட்டால், அதற்குப் பெயர் தேர்தல் இல்லை, ஒப்புதல். ஐந்து மாநிலங்கள் அந்த ஒப்புதலோடு திருப்தியடைந்து நிற்கின்றன. அவை வெற்றுக் கோட்டை அச்சிட வேண்டும். மற்ற மாநிலங்களில் அதை அழிக்கச் சொல்கிறவர்களுக்கு ஒரு சொல் போதும்: டென்னசி, 1998.