வாயைக் கட்டினால் போதுமா?

தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இனிப்புநீர், முட்டி வலி. இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவர் சொன்னதும், "வாயைக் கட்டினால் போதுமே!" என்றார்கள் உறவினர்கள்.

எடை குறையக் குறைய உடல் பசியைக் கூட்டுகிறது. சக்தியைச் செலவழிக்காமல் பிடித்துவைக்கிறது. மன உறுதி மட்டும் என்ன செய்யும்? 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அகற்றுகிறார்கள். பசியைத் தூண்டும் 'கிரெலின்' சுரப்பும் குறைகிறது. இதைக் குறுக்குவழி என்பவர்கள், அதன்பிறகு ஆயுள் முழுவதும் வைட்டமின் மாத்திரையும் சிறிதளவு சாப்பாடும்தான் என்பதை அறியாதவர்கள்.

2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்குக் கூடுதல் எடை அல்லது உடல்பருமன். கல்யாண வீட்டில் பெரியம்மாவின் தட்டை எட்டிப் பார்ப்பவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள்!

பெரியம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க நானும் உடன் போகிறேன்.