அடுப்பருகே ஒரு கண்ணாடி

சமையலறையைச் சரியாக அமைத்தால் இல்லறத்தில் நெருக்கம் பெருகும் என்கிறது சீனத்திலிருந்து வந்த ஃபெங் சுயி. சமைப்பவர் வாசலுக்கு முதுகு காட்டி நிற்கலாகாது. அடுப்பை இடம் மாற்ற இயலாவிட்டால், வருபவர் தெரியுமாறு அடுப்பின் பின்னே கண்ணாடி மாட்ட வேண்டுமாம். நமது வாஸ்துவோ தென்கிழக்கு அக்கினி மூலையைக் காட்டுகிறது. சந்தையில் இரண்டும் கைகோத்தே விற்பனையாகின்றன. ஒற்றை அறையில் சமைத்து உண்டு உறங்கும் தாராவிக் குடும்பம் எந்த மூலையைத் தேடும்?

எனினும், அந்தக் கண்ணாடி விதி தன்னை அறியாமல் ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறது. சமைப்பவர் தனியே நிற்கிறார். அவருக்குத் தேவை இன்னொரு ஜோடிக் கைகள், கிடைப்பதோ கண்ணாடி!

ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாக ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு கூறுகிறது. 2019இல் ஆண்களின் கணக்கு 97. அதுவும் குறைந்துவிட்டது! களைத்துப்போன உடலில் நெருக்கம் எங்கிருந்து வரும்?

பொது உணவகங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் முளைகளாக 1919இலேயே லெனின் கண்டார். நாமோ இக்கேள்வியை மாதர் அரங்கத்திற்கு ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கிளைக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் ஆண் தோழர்களில் எத்தனை பேர் தேநீருக்குக் காத்திராமல் பாத்திரம் துலக்கப் போகிறார்கள்? உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும்போது இதையும் கேட்கலாம்.